உங்களுக்குத் தெரியுமா? – பிரான்ஸ் குதிரைப் பந்தயம் பார்க்கப் புறப்படுகிறவர்களுக்கு

பாரிஸ் போகிறவர்களில் பெரும்பாலோர் ஐஃபெல் கோபுரம், லூவ்ர் அருங்காட்சியகம், சேன் நதிப் படகு என்று பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். அதே நகரத்தில், மெட்ரோவில் போய் இறங்கிவிடக்கூடிய தூரத்தில், உலகின் தலைசிறந்த குதிரைகள் ஓடுகின்றன. குதிரை என்றால் உயிரை விடுகிறவர்களும், ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கிறவர்களும் புறப்படும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் இவை.

முதலில் தேதி, அப்புறம் டிக்கெட்

பிரான்ஸில் பந்தயம் இல்லாத மாதமே கிடையாது. ஆனால் ஒவ்வொரு பருவத்துக்கும் ஓர் ஊர் உண்டு. ஜனவரியில் பாரிஸின் வான்சென் திடல். குளிர்காலத்தில் தெற்கே நீஸ் நகருக்கு அருகிலுள்ள கான்யு-சுர்-மேர், பிரனீஸ் மலைப்பக்கமுள்ள போ. மே மாதம் ஓத்தோய், ஜூனில் ஷாந்தியி, ஆகஸ்டில் கடலோர தோவில், அக்டோபர் முதல் ஞாயிறு லோன்ஷாம். எந்தப் பந்தயம் என்று தீர்மானித்துவிட்டு, அந்த ஆண்டின் அட்டவணையில் நாளை உறுதி செய்துகொண்ட பிறகே விமான டிக்கெட் எடுங்கள்.

மூன்று வகை, மூன்று உலகம்

பிரெஞ்சுப் பந்தயத்தில் மூன்று பிரிவுகள். சமதளத்தில் நாலுகால் பாய்ச்சலில் ஓடுவது ஒன்று. வேலி, பள்ளம், நீர்நிலை தாண்டி ஓடுவது இன்னொன்று. மூன்றாவது ‘டிராட்’ என்கிற சீர்நடை ஓட்டம். முதல் இரண்டையும் நடத்துவது 1995-ல் உருவான ‘ஃபிரான்ஸ் கலோ’ அமைப்பு. டிராட் பந்தயங்களை ‘ல திரோ’ என்ற தனி அமைப்பு கவனிக்கிறது. நுழைவுச் சீட்டும் அட்டவணையும் தேடும்போது இந்த இரண்டு பெயர்களும் நினைவில் இருக்கட்டும்.

நகர எல்லைக்குள் மூன்று திடல்கள்

லோன்ஷாம், ஓத்தோய், வான்சென் ஆகிய மூன்றுமே பாரிஸ் நகர எல்லைக்குள் இருக்கின்றன. முதல் இரண்டும் மேற்கே புலோன் வனத்தில். வான்சென் கிழக்கே அதே பெயருள்ள வனத்தில். 1901 முதல் இயங்கும் சான்-க்ளூ திடல் நகரத்தை ஒட்டியே இருக்கிறது. நாடு முழுவதும் எண்ணினால் பந்தயத் திடல்கள் ஏறத்தாழ 230. கிராமத்துத் திடல்கள் பலவற்றில் ஆண்டுக்குச் சில நாள்கள்தான் பந்தயம். அந்த நாள் அந்த ஊருக்கே திருவிழா.

உலகமே காத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை

‘பிரி த லார்க் த திரியோம்ஃப்’ – சுருக்கமாக ‘ஆர்க்’. முதல் உலகப் போர் முடிந்த கையோடு 1920-ல் தொடங்கியது. தூரம் 2,400 மீட்டர். மொத்தப் பரிசு 50 லட்சம் யூரோ. முதல் பந்தயத்தில் வென்றது ‘காம்ரேட்’ என்ற மூன்று வயதுக் குதிரை. அன்று ஆர்க் மட்டும் ஓடுவதில்லை. அதையும் சேர்த்து முதல் தரப் பந்தயங்கள் ஆறு அந்த ஒரே நாளில் நடக்கின்றன. 1,000 மீட்டரை ஒரு நிமிடத்துக்கும் குறைவாக முடித்துவிடும் ‘அபாயி’ ஓட்டமும், தூய அரபுக் குதிரைகளுக்கான உலகக் கோப்பையும் அதே நாளில்தான். முந்தைய சனிக்கிழமையும் நல்ல பந்தயங்கள் உண்டு, கூட்டம் குறைவு. முடிந்தால் இரண்டு நாளும் போங்கள்.

ஆர்க்கில் ஓடத் தடை யாருக்கு இருந்தது?

2025 வரை காயடித்த குதிரைகளுக்கு ஆர்க்கில் இடம் இருந்ததில்லை. எதிர்காலச் சந்ததியை உருவாக்கக்கூடிய குதிரைகளில் சிறந்தது எது என்று கண்டறிவதே இந்தப் பந்தயத்தின் நோக்கம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். மூன்று வயதுக் குதிரை சுமக்கும் எடை 56.5 கிலோ, அதற்கு மேற்பட்ட வயதென்றால் 59.5 கிலோ. பெட்டைக் குதிரைகளுக்கு 1.5 கிலோ சலுகை. இளமைக்கும் அனுபவத்துக்கும் நடக்கும் போட்டியை நியாயமாக்குவது இந்த எடைக் கணக்குதான்.

பேரரசர் படகில் வந்த திடல்

லோன்ஷாம் திடல் திறக்கப்பட்டது 1857 ஏப்ரலில். மூன்றாம் நெப்போலியனும் அரசி யூஜெனியும் சேன் நதி வழியே சொந்தப் படகில் வந்து இறங்கினார்கள். அந்த இடத்தில் முன்பு ஒரு கன்னியர் மடம் இருந்தது. அதன் மிச்சமான காற்றாலை இன்றும் திடலில் நிற்கிறது. ஆர்க் பந்தயம் புறப்படும் இடம் அந்தக் காற்றாலையை ஒட்டித்தான். ஓவியர் எத்துவார் மனே 1860-களில் வரைந்த லோன்ஷாம் பந்தய ஓவியத்தில் குதிரைகள் பார்ப்பவரை நோக்கி நேராகப் பாய்ந்து வரும்.

இரண்டு ஆண்டு இடம் மாறிய பந்தயம்

லோன்ஷாம் இடித்துக் கட்டப்பட்டபோது, 2016, 2017 ஆண்டுகளின் ஆர்க் ஷாந்தியியில் நடந்தது. கட்டடக் கலைஞர் தொமினிக் பெரோ வடிவமைத்த புதிய பார்வையாளர் மாடம் 2018 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பெயரும் ‘பாரிஸ்லோன்ஷாம்’ ஆனது. அந்த இரண்டு திடல்களிலும் ஆர்க் வென்ற ஒரே குதிரை ‘எனேபிள்’. 2017-ல் ஷாந்தியியில், 2018-ல் லோன்ஷாமில். இரண்டு முறையும் ஜாக்கி ஃபிராங்கி தெத்தோரி. இவர் ஆறு முறை ஆர்க் வென்றவர்.

ஏமாற்றும் நேர்பாதை

லோன்ஷாம் பாதை தட்டையானது அல்ல. ஆர்க் ஓட்டத்தில் குதிரைகள் சுமார் 10 மீட்டர் உயரம் ஏறி, பிறகு இறங்கி வருகின்றன. இறக்கம் முடிந்ததும் ஒரு நேர்பாதை வரும். அதுவே கடைசிப் பாதை என்று நினைத்து ஜாக்கி குதிரையை முடுக்கினால் தோல்வி நிச்சயம். அதற்குப் பெயரே ‘போலி நேர்பாதை’. உண்மையான கடைசிப் பாதை அடுத்த வளைவுக்குப் பிறகுதான். பெரிய திரையில் இந்த இடத்தைக் கவனியுங்கள். எந்த ஜாக்கி பொறுமையாக இருக்கிறார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஜப்பானின் தீராத தாகம்

ஆர்க் பார்க்க ஆண்டுதோறும் பெருங்கூட்டமாகப் பறந்து வருகிறவர்கள் ஜப்பானியர்கள். ஆனால் 2025 வரை எந்த ஜப்பானியக் குதிரையும் அதை வென்றதில்லை. 1999-ல் எல் கோண்டோர் பாசா, 2010-ல் நகயாமா ஃபெஸ்டா, 2012-லும் 2013-லும் ஓர்ஃபேவ்ர் – எல்லாம் இரண்டாம் இடம். 2006-ல் மூன்றாவதாக வந்த ‘டீப் இம்பேக்ட்’, உடலில் தடை செய்யப்பட்ட மருந்து இருந்ததால் தகுதி இழந்தது. தோற்றாலும் மறு ஆண்டு திரும்பி வருகிறார்கள். ரசனை என்றால் இதுதான்.

தாய், மகன், மகள் – ஒரே வெற்றி

1979-ல் ஆர்க் வென்ற ‘த்ரீ ட்ரொய்க்காஸ்’ பெட்டைக் குதிரையின் உரிமையாளர் கிலேன் ஹெட். அதைப் பயிற்றுவித்தவர் அவர் மகள் கிரிக்கெத். ஓட்டியவர் மகன் ஃபிரெடி. ஆர்க் வென்ற குதிரையைப் பயிற்றுவித்த முதல் பெண் என்ற பெருமை கிரிக்கெத்துக்குக் கிடைத்தது. 34 ஆண்டுகள் கழித்து அவரே பயிற்றுவித்த ‘திரேவ்’, 2013, 2014 என்று அடுத்தடுத்து இரண்டு முறை வென்றது.

வாட்டர்லூவுக்குப் பழிதீர்த்த குதிரை

1865-ல் ‘கிளாதியாத்தர்’ என்ற பிரெஞ்சுக் குதிரை இங்கிலாந்துக்குப் போய் எப்சம் டெர்பி உள்ளிட்ட மூன்று பெரும் பந்தயங்களையும் வென்று மும்மகுடம் சூடியது. பிரிட்டனுக்கு வெளியே பிறந்த குதிரை டெர்பியை வென்றது அதுவே முதல்முறை. வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்று அப்போது சரியாக 50 ஆண்டுகள். ‘வாட்டர்லூவின் பழிவாங்கி’ என்று பிரெஞ்சு மக்கள் அதைக் கொண்டாடினார்கள். லோன்ஷாமில் இன்றும் அதன் முழு உருவச் சிலை இருக்கிறது. அதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

குதிரைகளுக்கு ஓர் அரண்மனை

ஷாந்தியி திடலில் நின்றால் எதிரே அரண்மனை போல ஒரு கட்டடம் தெரியும். அது உண்மையில் குதிரை லாயம். கோந்தே இளவரசரும் பூர்போன் கோமகனுமான லூயி-ஆன்ரி, கட்டடக் கலைஞர் ழான் ஓபேரைக் கொண்டு 1719-ல் கட்டத் தொடங்கியது. 240 குதிரைகளும் 150 வேட்டை நாய்களும் இருந்த இடம். மறுபிறவியில் தாம் குதிரையாகப் பிறப்போம் என்று நம்பியே இளவரசர் இதைக் கட்டினார் என்பது ஊரார் சொல்லும் கதை. இன்று உள்ளே குதிரை அருங்காட்சியகம் இருக்கிறது. குதிரையேற்றக் காட்சிகளும் நடக்கின்றன. பந்தயத்துக்கு முந்தைய நாளே போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

ஜூன் மாதத்து ஷாந்தியி

ஜூன் மாதத்தில் இங்கே இரண்டு பெரும் பந்தயங்கள். 1836-ல் தொடங்கிய ‘ஜாக்கி கிளப்’ பந்தயம் பிரெஞ்சு டெர்பி. 1843-ல் தொடங்கிய ‘பிரி த தியான்’ மூன்று வயதுப் பெட்டைக் குதிரைகளுக்கு மட்டும். இரண்டும் 2,100 மீட்டர். தியான் நாளில் பெண்கள் விதவிதமான தொப்பிகளோடு வருவதும், குடும்பங்கள் புல்வெளியில் விரிப்பு போட்டுச் சாப்பிடுவதும் பழைய வழக்கம். முதல் தடவை போகிறவர்களுக்கு, குழந்தைகளோடு போகிறவர்களுக்கு, நான் முதலில் சொல்வது இந்த நாளைத்தான்.

இட்லி சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறலாம்

ஷாந்தியிக்கு ரயில் புறப்படுவது பாரிஸின் கார் து நோர் நிலையத்திலிருந்து. நேரடி வட்டார ரயிலில் 25 நிமிடம். அந்த நிலையத்துக்கு அடுத்தாற்போல இருக்கிறது லா ஷப்பேல் – ஈழத் தமிழர்களின் கடைத்தெரு. தோசை, இட்லி, கொத்து ரொட்டி எல்லாம் தமிழில் கேட்டே வாங்கலாம். திடலுக்குள் சைவ உணவுக்குத் தேர்வு குறைவு என்பதால், காலையில் இங்கே சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறுவது வசதி.

காலையில் காட்டுக்குள் குளம்படி

ஷாந்தியி பந்தய ஊர் மட்டுமல்ல. பிரான்ஸின் மிகப் பெரிய குதிரைப் பயிற்சி மையமும் அதுதான். ஆயிரக்கணக்கான குதிரைகள் அந்த வட்டாரத்து லாயங்களில் வளர்கின்றன. விடியற்காலையில் அவை வரிசையாகக் காட்டுப் பாதைகளில் பயிற்சிக்குப் போகும். பாதையைக் கடக்கும் குதிரைக்கே முதல் உரிமை. நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள். பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், கையை வீசிக் கூப்பிடாதீர்கள். இளங்குதிரைகள் சட்டென்று மிரளும்.

ஆகஸ்டில் கடற்கரை

ஆகஸ்ட் மாதம் பாரிஸ்காரர்கள் கடலைத் தேடிப் போவார்கள். பந்தயமும் கூடவே போகும். நார்மண்டிக் கரையில் தோவில் நகரத்தை உருவாக்கியவர் மோர்னி கோமகன் – மூன்றாம் நெப்போலியனின் தாய்க்கு வேறு தந்தையால் பிறந்த சகோதரர். அங்கே 1864-லேயே பந்தயம் தொடங்கிவிட்டது. வளைவே இல்லாத நேர்கோட்டில் 1,600 மீட்டர் ஓடும் ‘ழாக் ல மரோவா’ இங்கே பார்க்க வேண்டிய பந்தயம். சான்-லசார் நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். பக்கத்திலேயே கிளேர்ஃபோந்தேன் என்ற இன்னொரு திடல். மூன்று வகைப் பந்தயங்களும் அங்கே உண்டு. மாத நடுவில், ஒரு வயதுக் குட்டிகளின் புகழ்பெற்ற ஏலமும் தோவிலில் நடக்கிறது.

பாய்ந்தால் வெளியே

வான்சென் திடலின் கதை வேறு. இங்கே குதிரை பெரும்பாலும் ‘சல்க்கி’ என்ற இரு சக்கர வண்டியை இழுத்தபடி ஓடும். மூலைவிட்டக் கால்கள் இரண்டும் ஒருசேர விழுகிற சீர்நடையில்தான் ஓட வேண்டும். தாளம் தவறிப் பாய்ச்சலுக்கு மாறி, அதே நிலையில் தொடர்ந்தால் தகுதி இழப்பு. ஜனவரி கடைசி ஞாயிறு நடக்கும் ‘பிரி தமெரிக்’ இந்த உலகின் உச்சம். தூரம் 2,700 மீட்டர். முதல் உலகப் போரில் துணை நின்ற அமெரிக்காவுக்கு நன்றியாக 1920-ல் தொடங்கியது. குளிர் எலும்பைத் தொடும். கையுறையும் கனத்த மேல்கோட்டும் கட்டாயம். விளக்கொளியில் நடக்கும் இரவுப் பந்தயங்கள் வான்செனின் தனிச் சிறப்பு.

சோம்பேறி அரசன்

‘ஊராசி’ என்ற குதிரை 1986, 1987, 1988, 1990 என நான்கு முறை பிரி தமெரிக்கை வென்றது. வேறெந்தக் குதிரையும் நான்கு முறை வென்றதில்லை. பயிற்சியிலும் பந்தயத்துக்கு முன்பும் அசட்டையாக இருந்துவிட்டு, கடைசிக் கட்டத்தில் எல்லாரையும் தாண்டிவிடும் குணத்தால் மக்கள் அதற்குச் சூட்டிய பட்டம் ‘சோம்பேறி அரசன்’.

பெயரைப் பார்த்து வயது சொல்லலாம்

பிரெஞ்சு டிராட் குதிரைகளுக்குப் பிறந்த ஆண்டைப் பொறுத்து முதல் எழுத்து அமையும். 2015-ல் பிறந்தவை ‘எஃப்’ – அதனால்தான் ‘ஃபேஸ் டைம் பூர்போன்’ என்று ஒரு குதிரைக்குப் பெயர். 2018-ல் பிறந்தவை ‘ஐ’ – அதனால் இன்னொன்றுக்கு ‘இதாவோ த தியார்’. 2024-ல் பிறந்தவை ‘ஓ’, 2025-ல் பிறந்தவை ‘பி’. அட்டவணையில் பெயரின் முதல் எழுத்தைப் பார்த்தே வயதைக் கணக்கிட்டுவிடலாம். சமதள ஓட்டத்தின் தரோபிரெட் குதிரைகளுக்கு இந்த விதி இல்லை.

தாண்டினால்தான் வெற்றி

1873-ல் திறந்த ஓத்தோய் திடல் தடை தாண்டும் பந்தயங்களுக்கு மட்டுமே. மே மாதம் நடக்கும் ‘கிராண்ட் ஸ்டீப்பிள்-சேஸ் த பாரி’ 6,000 மீட்டர், 23 தடைகள். மெட்ரோ 10-ஆம் வழித்தடத்தில் போர்த் தோத்தோய் நிலையத்தில் இறங்கினால் திடல் பக்கத்திலேயே. இளம் எழுத்தாளராகப் பாரிஸில் வாழ்ந்த எர்னஸ்ட் ஹெமிங்வே அடிக்கடி வந்துபோன இடம் இது.

அலை வற்றினால் பந்தயம்

பிரித்தனி வட்டாரத்தில் பிளெஸ்தேன்-லெ-கிரேவ், புளூயெஸ்கா போன்ற ஊர்களில் கோடைக்காலத்தில் கடற்கரை மணலிலேயே பந்தயம் நடக்கிறது. கடல் உள்வாங்கும் நேரத்தைப் பார்த்துத்தான் பந்தய நாளையே குறிக்கிறார்கள். பெரிய பரிசோ பெரிய பெயரோ இல்லாத இந்தப் பந்தயங்களில்தான் பிரெஞ்சு கிராமத்தின் முகத்தைப் பார்க்க முடியும்.

மூலான் ரூஜும் பந்தயக் கணக்கும்

பந்தயம் கட்டியவர்களின் பணம் முழுவதையும் ஒரே தொகுப்பில் சேர்த்து, கழிவு போக மீதியை வென்றவர்களுக்குப் பங்கிடும் ‘பாரி-முத்துவேல்’ முறையை 1867-ல் பாரிஸில் கொண்டுவந்தவர் ஜோசஃப் ஒல்லேர். 1889-ல் மூலான் ரூஜ் அரங்கத்தைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். 1891-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த முறைக்கு அங்கீகாரம் தந்தது. இன்று பிரெஞ்சுத் திடல்களில் தனியார் புக்கிகள் கிடையாது. பந்தயக் கழிவின் பெரும்பங்கு பரிசுத் தொகைக்கும் திடல் பராமரிப்புக்கும் திரும்பிப் போகிறது.

காபிக் கடையில் சீட்டு

திடலுக்கு வெளியே பந்தயம் கட்ட ‘பே எம் உ’ என்ற அமைப்பு 1930-ல் உருவானது. அதன் பச்சைப் பலகை நாடெங்கும் ஆயிரக்கணக்கான காபிக் கடைகளில் தொங்கும். 1954-ல் ஆந்த்ரே கருஸ் கொண்டுவந்த ‘தியர்ஸே’ – முதல் மூன்று குதிரைகளை ஊகிப்பது – ஞாயிற்றுக்கிழமைக் குடும்பப் பழக்கமாகவே ஆகிப்போனது. முதல் ஐந்தை ஊகிக்கும் ‘கேன்தே’ 1989-ல் வந்தது. 18 வயது நிரம்பாதவர்கள் பந்தயம் கட்டக் கூடாது.

இந்தியர்கள் கவனிக்க வேண்டிய சட்டம்

அந்நியச் செலாவணி தொடர்பான 2000-ஆம் ஆண்டு நடப்புக் கணக்கு விதிகளின்படி, லாட்டரிச் சீட்டு, கால்பந்துப் பந்தயச் சீட்டு, ஸ்வீப்ஸ்டேக் போன்றவற்றுக்காக இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்குத் தடை இருக்கிறது. ஆகவே இந்திய வங்கி அட்டையால் வெளிநாட்டுப் பந்தயச் செயலிகளில் பணம் கட்டாதீர்கள். ஒரு சீட்டும் வாங்காமல் பந்தயம் பார்த்தாலும் மகிழ்ச்சியில் குறைவில்லை. பயணத்தின் நோக்கம் குதிரையாக இருக்கட்டும், பணமாக வேண்டாம்.

ஓடும் முன் அரைமணி நேரம்

ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் குதிரைகள் ஒரு வட்ட வெளியில் நடத்திக் காட்டப்படும். பார்வையாளர்கள் வேலி ஓரத்தில் நின்று சில அடி தூரத்தில் பார்க்கலாம். தோல் பளபளக்கிறதா, நடை இலகுவாக இருக்கிறதா, வியர்த்துக் கொட்டி மிரள்கிறதா என்று கவனியுங்கள். தொலைக்காட்சி காட்டாததை இந்த வட்டம் காட்டும். பந்தயம் இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். குதிரையை ஆற அமரப் பார்க்கக் கிடைக்கிற நேரம் இதுதான். நல்ல இடம் பிடிக்க ஓட்டம் முடிந்ததும் நேரே இங்கே வாருங்கள்.

மண்ணை அளக்கும் கருவி

புல்தரை எவ்வளவு இறுகியிருக்கிறது, எவ்வளவு இளகியிருக்கிறது என்பதை ‘பெனெத்ரோமீட்டர்’ என்ற கருவியால் அளந்து எண்ணாக அறிவிப்பது பிரெஞ்சு வழக்கம். எண் கூடினால் தரை இளக்கம் என்று பொருள். அக்டோபர் மழையில் லோன்ஷாம் தரை சேறாகிவிடும். கடினத் தரையில் பறக்கும் குதிரை அங்கே திணறும். ஆர்க்கில் எதிர்பாராத முடிவுகள் பல வந்ததற்கு மழையும் ஒரு காரணம். உங்கள் காலணியும் அதற்கேற்றதாக இருக்கட்டும்.

உடை, நுழைவு, குழந்தைகள்

இங்கிலாந்தின் ராயல் ஆஸ்காட் போலக் கறாரான உடை விதி பிரெஞ்சுத் திடலின் பொது மாடங்களில் இல்லை. சுத்தமான, கௌரவமான உடை போதும். பட்டுப்புடவையில் போனாலும் பொருத்தமே. சாதாரண நாள்களில் நுழைவுக் கட்டணம் சில யூரோக்கள்தான். ஆர்க், தியான் போன்ற நாள்களுக்கு முன்பதிவு அவசியம். லோன்ஷாமில் இளவேனில், கோடை வியாழக்கிழமைகளில் மாலைநேரப் பந்தயமும் இசையும் சேர்ந்து நடக்கும்.

விசாவுக்கு எப்போது விண்ணப்பிக்கலாம்?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள். சில நேரம் 45 நாள் வரை நீளும். ஆகவே அக்டோபர் ஆர்க்குக்கு ஜூன், ஜூலையிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. 6 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு 45. சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஊர் திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும்.

ஆண்டுதோறும் போக ஆசையா?

2024 ஏப்ரலில் இந்தியர்களுக்காக விதி தளர்ந்தது. முந்தைய மூன்று ஆண்டுகளில் இரண்டு ஷெங்கன் விசாக்களை முறையாகப் பயன்படுத்தியவர்களுக்கு, இரண்டு ஆண்டுக்கான பலமுறை விசா கிடைக்க வாய்ப்புண்டு. அதன்பிறகு ஐந்து ஆண்டுக்கானது. எந்த விசாவானாலும் 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் முத்திரைக்குப் பதிலாக மின்னணுப் பதிவு படிப்படியாக வந்திருக்கிறது. தங்கிய நாளின் கணக்கு இனி துல்லியமாகத் தெரியும்.

அறை வாடகை ஏறும் வாரம்

பாரிஸ் பெண்கள் ஆடை அலங்கார வாரம் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முதல் வாரம்வரை நடக்கும். ஆர்க் வார இறுதியும் ஏறத்தாழ அதே சமயம்தான். விடுதி வாடகை உச்சத்துக்குப் போகும். விசா விண்ணப்பத்தோடு ரத்து செய்யக்கூடிய அறையை முன்பதிவு செய்துவிடுங்கள். லோன்ஷாமுக்குப் பக்கத்தில்தான் தங்க வேண்டும் என்பதில்லை. பெரிய பந்தய நாள்களில் போர்த் மய்யோ, போர்த் தோத்தோய் மெட்ரோ நிலையங்களிலிருந்து திடலுக்குப் பேருந்து விடுகிறார்கள்.

கிண்டியும் உச்ச நீதிமன்றமும்

தமிழகத்தில் குதிரைப் பந்தயத்தைத் தடை செய்ய 1974-ல் சட்டம் வந்தது. அது தொடர்பான வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டம் அல்ல, திறமை சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. 2024-ல் ஊட்டித் திடலின் நிலத்தையும் கிண்டித் திடலின் நிலத்தையும் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. கிண்டியில் குதிரை பார்த்து வளர்ந்தவர்கள் பலர் இன்று வெளியூர்த் திடல்களைத் தேடுவதற்கு இது ஒரு காரணம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

ஒரே பயணத்தில் எல்லாத் திடலையும் சுற்றிவர முயலாதீர்கள். ஒரு பெரிய பந்தயம், ஒரு சிறிய திடல், ஷாந்தியி லாயம் – இந்த மூன்று போதும், ஒரு வாரம் நிறைந்துவிடும். ஆர்க்கின் ஆரவாரம் வேண்டுமென்றால் அக்டோபரில் போங்கள். குடும்பத்தோடு நிதானமாக ரசிக்க வேண்டுமென்றால் ஜூன் மாதத்து ஷாந்தியிதான் சிறந்தது. எதுவானாலும் இன்றே தேதியைக் குறியுங்கள். ஆறு மாதம் முன்பே விசா வேலையைத் தொடங்கிவிடுங்கள்.